லிட்டர் எழுதாத அமுக்குப்பை

மலைக்கு எடுத்துப் போக ஒரு பை வாங்கக் கிளம்பின திருமூர்த்தி, அந்தப் பையைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் மலைக்கே நரை விழுந்துவிடும் போலிருந்தது. அதற்காக அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, அவன் பார்த்த உத்தியோகம் அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் செக்கிங் மாஸ்டர். காலையில் போய் டியூப் லைட்டுக்குக் கீழே மேசை முன்னால் நின்றானென்றால் சாயங்காலம் வரைக்கும் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. கழுத்துத் தையல் கோணல், கக்கத்தில் எண்ணெய்க் கறை, அடிமடிப்பில் நூல் பிசிறு என்று ஒவ்வொரு பனியனையும் உதறி, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று தூக்கிப் போட்டுப் பழகின கை அது. வீட்டிலும் தட்டில் விழுந்த தோசையைத் திருப்பிப் பார்க்காமல் வாயில் வைக்க மாட்டான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, கலாமணியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, எதையும் யோசிக்காமல் பாஸ் போட்டுவிட்டான். அதை நினைத்தால் இவ்வளவு அவசரப்பட்டும் தப்பு நடக்கவில்லையே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கலாமணிக்கு அதே கம்பெனியில் துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின். கல்யாணமான நாளாக மெஷினின் பெடலை மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்து போயிருந்தது. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை, சொந்த வீடு கூடக் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். மஞ்சுக்கரட்டின் உச்சியில் ஒரு ராத்திரி படுத்திருந்து, விடிகிறபோது மேகம் காலுக்குக் கீழே கிடப்பதைப் பார்க்க வேண்டும். கம்பெனி காலண்டரில் எப்போதோ ஒரு மாசத்துக்கு அந்தப் படம் வந்தது, மாசம் போயும் அவள் தாளைக் கிழிக்கவில்லை. பேருக்குத்தான் அது கரடு, சின்னக் குன்று; ஏறிப் பார்த்தால் ஆளை விழுங்குகிற மலை. கார்த்திகையில் பாதையைத் திறந்துவிட்டு, மாசி பிறந்தால் காட்டுத்தீக்குப் பயந்து வனத்துறை மூடிவிடும். இந்தத் தடவை முட்டியைப் பார்த்த டாக்டரும் சொல்லிவிட்டார்: "ஏறுறதா இருந்தா இந்தத் தை மாசத்துக்குள்ள ஏறிக்குங்கம்மா. அப்புறம் மாடிப்படியே யோசிச்சுத்தான் ஏறணும்."

"கேட்டீங்கல்லங்க?" என்றாள் கலாமணி, ஆஸ்பத்திரி வாசலிலேயே.

"கேட்டேன், கேட்டேன். எல்லாம் ரெடி அம்மணி. தூங்கற பை வாங்கியாச்சு, கூடாரம் வாங்கியாச்சு. இதுகளை அமுக்கி வெக்கிறதுக்குத் தோதா ஒரு பை மட்டும் அமைஞ்சிட்டா அடுத்த பஸ்ஸு."

அந்த ஒரு பை அமையவேயில்லை. தூங்கும் பை உள்ளே பஞ்சு வைத்தது, விரித்தால் கன்றுக்குட்டி அளவு இருக்கும், அதை அப்படியே முதுகில் கட்டிக்கொண்டு ஏற முடியாது; அதற்கென்று வார் வைத்த பைகள் விற்கின்றன, உள்ளே திணித்து வாரை இழுத்தால் காற்றெல்லாம் போய்ச் சுருண்டு கையடக்கமாகிவிடும். கம்ப்ரஷன் சேக் என்று பேர். திருமூர்த்தி குடியிருந்த காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடு, அந்த ஆறு வீட்டுக்காரர்களும் அதற்கு அமுக்குப்பை என்று பேர் வைத்து, மலையையே பார்க்காதவர்களும் அமுக்குப்பையைப் பற்றி அத்துப்படியாகத் தெரிந்துகொண்டார்கள், ஏனென்றால் தண்ணீர்க் குழாயடியில் யார் குடம் வைத்தாலும் திருமூர்த்தி பக்கத்தில் வந்து நின்று பாடம் எடுத்தான். மூன்று வார் வைத்தது ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும், நாலு வார்தான் சரி. வாரை ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மடித்து வைக்கக் கூடாது, திணிக்க வேண்டும். "முக்கியமா ஒண்ணு, சுருங்குறது அளவுதான், எடை சுருங்காது. இதை நெறையப் பேரு மறந்துட்டுப் பின்னால அழுவாங்க" என்று ஆள்காட்டி விரலை வேறு ஆட்டுவான்.

வாங்கிய பைகளையெல்லாம் டியூப் லைட்டில் பிடித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினான். ஒன்றில் பக்கிள் பிளாஸ்டிக் மட்டம். ஒன்றில் வார் தைத்த இடத்தில் தையல் நெருக்கம் போதாது. ஒன்று பத்து லிட்டர், திணறுகிறது; ஒன்று இருபது லிட்டர், தொளதொளவென்று இருக்கிறது. ஒன்றில் குறை எதுவும் கிடைக்காமல் போய், ஆரஞ்சுக் கலர் கரடிக்குப் பிடிக்குமாமே என்று அனுப்பினான். கூரியர்காரன் பார்சலைக் கொடுக்கும்போதே, "அண்ணா, ரிட்டன் எடுக்க நாளைக்கே வரட்டுங்களா, இல்ல இங்கயே நிக்கட்டுங்களா?" என்று கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டான். கார்த்திகை போயிற்று, மார்கழி பிறந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு கைப்பேசியில் பைகளைத் தள்ளிக்கொண்டே போகும்போது திருமூர்த்திக்கே சில சமயம் தோன்றும், இந்த உலகத்தில் மலையேறுகிறவர்கள் பை பார்ப்பதில்லை, பை பார்க்கிறவர்கள் மலையேறுவதில்லை, நாம் இரண்டாவது சாதி என்று. தோன்றிவிட்டு அடுத்த பையைப் பார்ப்பான்.

கடைசியில் அது செகண்ட்ஸ் கடையில் கிடைத்தது. ஏற்றுமதிக்குத் தேறாத சரக்கைக் குவியலாகக் கொட்டி விற்கிற கடை. குவியலின் அடியில் சாம்பல் கலரில் நாலு வார் வைத்த ஒரு பை கிடந்தது. திருமூர்த்தி அதைப் புரட்டினான், உதறினான், உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றினான், தையலை நகத்தால் கீறினான், வாயை வைத்து ஊதினான். ஒரு குறை இல்லை. குறையில்லாத சாமானைக் கையில் பிடித்துப் பழக்கமில்லாததால் அவனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது.

"இது எப்படிங்க ரிஜெக்ட் ஆச்சு?"

"லேபிளைப் பாருங்க. எத்தனை லிட்டர்னு போடாம உட்டுட்டாங்க. அது தெரியாம எவன் வாங்குவான்?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தூங்கும் பையைத் திணித்து, வாரை மாற்றி மாற்றி இழுத்தான். பை தேங்காயளவுக்குச் சுருங்கியது, இன்னும் கொஞ்சம் இழுத்ததில் ஆரஞ்சுப்பழமாகி, இன்னும் இழுத்ததில் எலுமிச்சம்பழமாகி, அதோடு நின்றது. கூடாரத்தைப் போட்டான், அதே எலுமிச்சம்பழம். போர்வை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஸ்டவ், எல்லாம் போட்டான், அதே எலுமிச்சம்பழம். கலாமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க. சனிக்கிழமை போலாமா?"

திருமூர்த்தி பையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, அவன் வாழ்க்கையைக் கெடுத்த அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"இன்னும் இடம் இருக்குதே."

நம்ம சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் சீட்டில் நாலு விரக்கடை இடம் தெரிந்தால் "சித்த நவுருங்க" என்று ஒரு ஆளையும் அவர் மடியில் ஒரு பிள்ளையையும் உட்கார வைக்கிற சனம். ரெண்டு நாள் பயணத்துக்கு ரெண்டு மாசத்துக்குச் சோறும், பொடியும், ஊறுகாயும், தைலமும், போகிற ஊரில் கயிறே கிடைக்காது என்பதுபோலத் துணி காயப்போடக் கயிறும் கட்டிக்கொண்டு கிளம்புகிற சனம். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: எதுக்கும் இருக்கட்டும். பையில் இடமில்லை என்கிற ஒரு காரணத்தால்தான் நம்ம சனம் இத்தனை காலமும் எதையாவது வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டு ராமாத்தாள்தான் ஆரம்பித்து வைத்தாள். காம்பவுண்டில் மூத்தவள், யார் வீட்டில் விசேஷமென்றாலும் அடுப்புப் பக்கம் அவள் கைதான். பையைப் பார்த்தாள், பார்த்து அசரவெல்லாம் இல்லை, "பரவால்லயே, நல்ல பை" என்றுவிட்டு, உள்ளே போய் இட்லிக் குண்டாவோடு வந்தாள்.

"மலை மேல இட்லி எங்க தம்பி கெடைக்கும்? எதுக்கும் இருக்கட்டும்."

குண்டா போயிற்று. மாவுக்கு என்ன செய்வது என்று கிரைண்டர் போயிற்று. மலையில் கரண்ட் இருக்காதே என்று அம்மிக்கல்லும் குழவியும் போயின. கரண்ட் ஒருவேளை இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மிக்ஸி போயிற்று. மூன்றாவது வீட்டு ஆரோக்கியசாமி கட்டிங் மாஸ்டர், தன் மாமனார் சீதனமாகக் கொடுத்த பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"பீரோ எதுக்குப்பா மலைக்கு?" என்றான் திருமூர்த்தி.

"மலைக்கு இல்லைங்ண்ணா. அந்தப் பீரோ வந்ததுல இருந்து நானும் ரோசியும் வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் தாண்டித்தான் நடக்கறோம். திரும்பி வர்ற வரைக்கும் உள்ள கெடக்கட்டுமே."

கெடக்கட்டும் என்றான் திருமூர்த்தி. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே வாரை இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஊரே தன் பையை மெச்சுகிறபோது வாரை இறுக்க எவனுக்கு மனசு வரும்? இத்தனை மாசம் குழாயடியில் கத்தினதற்கு இப்போதுதான் மரியாதை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்து, எப்படித் திணிக்க வேண்டும், எந்த வாரை முதலில் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கலாமணி கேட்கும்போதெல்லாம் "அடுத்த சனிக்கிழமை" என்றான்.

ஆறு வீட்டுக் கட்டிலும் பையில் போயிற்று, ஆறு வீட்டு மேசையும் போயிற்று, பரணில் கிடந்த சீர்ப் பாத்திரங்கள், ஓடாத தையல் மெஷின், உடைந்த தொட்டில், செத்துப்போன டிவி, எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் போயின. காம்பவுண்டு விசாலமாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். ஆரோக்கியசாமியும் ரோசியும் நடு அறையில் எதிரெதிரே நின்று, இத்தனை இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். வீட்டுக்காரர் நாச்சிமுத்து வந்து கதவோரமாக நின்று பார்த்து, ரூமெல்லாம் பெரிசாகிவிட்டதால் வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிசானது உண்மைதானே என்று யாரும் மறுத்துப் பேசவில்லை. இடம் இருப்பது தெரிந்ததும் சொந்தபந்தம், ஒறம்பரை என்று வந்தார்கள். வந்தவர்கள் தங்கினார்கள். அவர்கள் மூட்டை முடிச்சையும் பையில் போட்டார்கள்.

ராமாத்தாளுக்கும் கடைசி வீட்டுக்காரிக்கும் குழாயடியில் நெடுநாளாக ஒரு சண்டை இருந்தது. யார் குடம் முதலில் என்பது. ஒரு நாள் காலையில் அந்தச் சண்டை உச்சத்துக்குப் போய் இரண்டு பேரும் கையை ஓங்கின சமயத்தில், கலாமணி பொறுக்க முடியாமல், "அதையும் தூக்கி இதுக்குள்ள போட்டுத் தொலைங்க!" என்று கத்தினாள். போட்டார்கள். வாரை இழுத்ததும் குழாயடி அமைதியாகிவிட்டது. நாலு நாள் கழித்து ராமாத்தாளே வந்து, "ஏங்கண்ணு, அந்தச் சண்டையைச் சித்த எடுத்துக் குடுக்கறியா, பொழுதே போக மாட்டீங்குது" என்று கேட்டாள். அதற்குள் அதன் மேல் வேறு என்னென்னவோ விழுந்துவிட்டது.

பையோ அதே எலுமிச்சம்பழம்தான். முற்றத்தில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. கல் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டார்கள். சுவரோரத்துத் தென்னை அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது, காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

தை பிறந்து, பொங்கல் நோம்பி முடிந்த சனிக்கிழமை கலாமணி விடிகாலையில் குளித்து, புதுசாக வாங்கின ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சேலைக்குக் கீழே ஷூ தெரிய அவள் நின்ற நிலையைப் பார்த்துத் திருமூர்த்திக்கு மனசு பூரித்துப் போயிற்று. காம்பவுண்டே வழியனுப்ப வந்திருந்தது. ராமாத்தாள் ஆரத்தி கூடக் கரைத்து வைத்திருந்தாள். திருமூர்த்தி கல்லின் பக்கம் போய், ஒரு விரலில் மாட்டித் தூக்கிவிடுகிற அலட்சியத்தோடு பையின் வாரைப் பிடித்துத் தூக்கினான்.

பை அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். இடுப்பில் சுளீரென்று ஒன்று பிடித்தது, அவ்வளவுதான், பை அசையவில்லை. ஆரோக்கியசாமி வந்தான், ஒறம்பரை ஆண்கள் வந்தார்கள், எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வளைத்து நின்று "ஐலசா" போட்டார்கள். சாயப்பட்டறையிலிருந்து செயின் கப்பி கொண்டுவந்து தென்னையில் மாட்டி இழுத்ததில் தென்னைதான் வளைந்தது.

திருமூர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சுருங்குவது அளவுதான், எடை சுருங்காது. குழாயடியில் எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான்! சொன்ன வாயை அவன் காது ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். அடேய் செக்கிங் மாஸ்டரே, ஊரான் பனியனில் நூல் பிசிறு கண்டுபிடிக்கிற உனக்கு, ஆறு வீட்டுக் கட்டில் கனக்கும் என்று தெரியாமல் போயிற்றாடா என்று தன்னையே திட்டிக்கொண்டபோது, அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"சரி, பரவால்லைங்க. அவுத்துக் கொட்டிப்போட்டு நம்மளுது மட்டும் எடுத்துக்கலாம்" என்றாள் கலாமணி.

அதைச் சொன்னதும் ராமாத்தாள் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"கொட்டறதுன்னா, என் பீரோவை எங்கீங்க்கா வெக்கிறது?" என்றான் ஆரோக்கியசாமி. ரோசி அவன் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டில் பீரோ போன பிறகு இருந்த சந்தோஷம் எல்லாருக்கும் தெரியும்.

"வாடகையை ஏத்தியாச்சு. திரும்ப ரூம் சின்னதாச்சுன்னா நான் கணக்கை எப்படி மாத்தறது?" என்றார் நாச்சிமுத்து.

ஒறம்பரைக்காரர்கள் படுத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ராமாத்தாள் கூட, சண்டை இல்லாமல் பொழுது போகவில்லை என்றவள், "இத்தனை நாளு இருந்துட்ட, இன்னும் கொஞ்சம் பொறு அம்மணி. ஏதாச்சும் வழி கெடைக்கும்" என்றாள். சாயங்காலத்துக்குள் யாரோ பையின் மேல் குங்குமம் வைத்துவிட்டார்கள். அசைக்க முடியாததைக் கண்டால் நம்ம சனம் வேறென்ன செய்யும்? மறுநாள் ஒரு சூடம் எரிந்தது, அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்துச் சந்துக்காரர்கள் பூப்போட்டார்கள். நேராக நின்று கும்பிட்டால் கனம் கூடும், பக்கவாட்டில் நின்று கும்பிட்டால் குறையும் என்று ஒரு சாஸ்திரமும் உண்டாகிவிட்டது. அதை உண்டாக்கினது யார் என்று திருமூர்த்தியைக் கேட்டால் அவன் தலையைச் சொறிவான், ஏனென்றால் யாரோ கேட்டதற்கு எதையாவது சொல்ல வேண்டுமே என்று அவன்தான் சொல்லித் தொலைத்தான்.

தை மாசத்தின் கடைசி சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கலாமணி கம்பெனியிலிருந்து நொண்டிக்கொண்டு வந்து, குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த பையைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அவன் பையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் வேறொரு அமுக்குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, நான் எப்பவாச்சும் உங்ககிட்டப் பை கேட்டேனா?"

"இல்ல அம்மணி, இது வந்து..."

"மேகம் கேட்டேனுங்க. என்ற முட்டி எனக்குத் தெரியும், இந்த வாரம் போகலைன்னா எனக்கு இல்லைங்க. நீங்க நல்லவரு, என்னைக் குளிர்ல உடக்கூடாதுன்னுதான் இத்தனையும் பாக்கறீங்க, எனக்குத் தெரியாம இல்ல. ஆனா உங்ககூடவே இருந்து இருந்து எனக்கு வயசாயிருச்சுங்க, இன்னும் நீங்க வாரைத்தான் இழுத்துட்டு இருக்கறீங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்க செக்சன் புள்ளைங்க நாளைக்குப் போறாங்க. நானும் போறேன். வர்றதுன்னா வாங்க."

"எதைக் கொண்டு போவ? எல்லாம் உள்ள கெடக்குது!"

"நான் பாயில படுத்து வளந்தவ. ஒரு போர்வை கூட வீட்ல இல்ல, அதையும் உள்ள போட்டுட்டீங்க. சேலை இருக்குது, போதும்."

சனிக்கிழமை விடிகாலையில் அவள் வெறுங்கையை வீசிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். திருமூர்த்தி வாசல் வரைக்கும் கூட வந்தான். அவளோடு போயிருக்கலாம். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். ஆனால் குளிரும், மழை வந்தால் என்ன செய்வாள், அட்டை கடிக்குமே, முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கூடக் கிடைக்காதே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அவனுக்குள் வந்து விழுந்துகொண்டே இருந்ததில், அவன் கால் நகரவில்லை. பஸ் கிளம்பியிருக்கும் நேரத்துக்கு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வருவதில் அவனுக்கு எந்தக் காலத்திலும் குறைச்சலில்லை. பையை அவிழ்த்துக் கொட்டினால்தானே ஊர் தடுக்கும்? வாயை மட்டும் லேசாகத் திறந்து, கையை விட்டு, தூங்கும் பையை மட்டும் உருவிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டால், ராத்திரிக்குள் அவள் தோளில் போர்த்திவிடலாம்.

ஒரு வாரைத் தளர்த்திக் கையை விட்டான். எட்டவில்லை. முழங்கை வரை விட்டான், தோள் வரை விட்டான். முதலில் போட்டது அடியில்தானே கிடக்கும். தலையை விட்டான். ராமாத்தாள் குழாயடியிலிருந்து பார்த்து, "பாத்துப் போங்க தம்பி" என்றாள். அப்புறம் அவன் செருப்பு மட்டும் கல்லின் கீழே கிடந்தது.

உள்ளே போதுமான வெளிச்சம் இருந்தது. கட்டில்கள் அடுக்கியிருந்தன, பீரோ மூச்சு விட்டுக்கொண்டு நின்றது, அட்டைப்பெட்டிகள் தெருத்தெருவாகப் போயின. ஒரு மூலையில் குழாயடிச் சண்டை ஆளில்லாமல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. திருமூர்த்தி இறங்கிக்கொண்டே போனான். போகிற வழியில் ஆரோக்கியசாமியின் பீரோக் கைப்பிடி ஆடுவதைப் பார்த்து நின்று திருகிப் பார்த்தான், பிறகு கிரைண்டரின் வயரைப் பார்த்து, இதை யார் இப்படிச் சுற்றினது என்று அவிழ்த்து ஒழுங்காகச் சுற்றி வைத்தான், பிறகு அட்டைப்பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்து, பழைய காலண்டர்களைப் பார்த்து, அட கெரகமே, நான் எதுக்கு வந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். அவள் இப்போது பாதி ஏறியிருப்பாள் என்று நினைத்தான். இப்போது இருட்டியிருக்கும், அவளுக்கு உதடு வெடிக்கும் என்று நினைத்தான். குளிரில் அவள் எப்போதும் இரண்டு பாதங்களையும் அவன் காலுக்குள் நுழைத்துக்கொள்வாள், இப்போது எங்கே வைத்துக்கொள்வாள் என்று நினைத்தபோது இன்னும் வேகமாக ஓடினான். தூங்கும் பை கடைசியில் கிடைத்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டில்களின் மேல் ஏறி, பீரோவைப் பிடித்து ஏறி, பையின் வாயைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பொழுது இறங்கிவிட்டது. கலாமணி அவர்கள் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி வீங்கி, அதில் யாரோ பச்சிலை கட்டியிருந்தார்கள். ராமாத்தாள் அவளுக்குக் காப்பித் தண்ணி கொடுத்துவிட்டு, திருமூர்த்தியைப் பார்த்ததும் எழுந்து தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள் கலாமணி.

அவன் தூங்கும் பையை நீட்டினான். "குளிருச்சா?" என்று கேட்டான்.

"பல்லு தந்தியடிச்சுதுங்க. புள்ளைங்க ரெண்டு பக்கமும் கட்டிப் புடிச்சுட்டுப் படுத்தாங்க, அதனால உசுரோட வந்தேன்."

"மேகம்?"

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அவன் கல்யாணத்தன்றைக்குப் பார்த்தது.

"விடியறப்ப எழுப்பி உட்டாங்க. கீழ ஊரே இல்லீங்க. திருப்பூர் இல்ல, கம்பெனி இல்ல, நம்ம காம்பவுண்டு இல்ல. வெள்ளையாக் கெடந்துச்சு, அங்கங்க மலையுச்சி மட்டும் எட்டிப் பாத்துச்சு. பாறை மேல உக்காந்து காலை நீட்டுனேன், கொலுசு நனைஞ்சு போச்சு. எறங்கறப்ப என்னைத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. டாக்டரு சொன்னது நெசந்தான், இனி ஏற முடியாதுங்க. பரவால்ல, பாத்துட்டேன்." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "நீங்க பாக்கலையேன்னுதான் அழுகாச்சி வந்துருச்சு. உங்களுக்குக் கொஞ்சம் கொண்டாரலாம்னு ரெண்டு கையிலயும் அள்ளுனேன். அள்ள வந்துச்சுங்க, நெசமா. ஏகத்துக்கு வந்துச்சு. போட்டுக் கொண்டாரத்தான் பை இல்ல."

திருமூர்த்தி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். காம்பவுண்டு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கமில்லாமல் அழுதான். அழுது முடித்து, வீங்கின காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா சொல்லு அம்மணி" என்றான். அவள் பஸ் ஏறினதிலிருந்து ஆரம்பித்தாள்.